தரை தொடும் வரை

என் மனைவியின் அண்ணன், வீட்டில் நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்ட மாட்டார். தலை சுற்றுமாம். அதற்கு என்னைத்தான் கூப்பிடுவார். நான் ஏறினால், நாற்காலிக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பார்த்து மாப்பிள்ள, பார்த்து” என்று என்னைவிட அதிகமாக நடுங்குவார். அப்படிப்பட்ட மனிதர் பிழைப்புக்குச் செய்வது என்ன தெரியுமா? பெரிய கட்டடம் கட்டும் இடங்களில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்குமே டவர் கிரேன், அதன் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து அதை ஓட்டுகிறார். வேலை இடத்தில் அவருக்கு உச்சாணி என்று பெயர். நாற்காலிக்குப் பயந்தவருக்கு இந்த வேலை எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்டால், “அங்க நான் எங்க நிக்கிறேன், உட்கார்ந்துதான இருக்கேன்” என்பார். இந்த மாதிரி பதிலுக்கு மேல் என்ன கேட்பது?

நான் கீழே நிற்கிறவன். சிக்னல்காரன். கிரேனில் தொங்கும் சுமை எங்கே போய் இறங்குகிறது என்பது மேலே இருப்பவருக்கு எப்போதும் தெரியாது. கட்டடத்தின் பின்பக்கத்தில், இரண்டு சுவருக்கு நடுவில், அவர் பார்வை எட்டாத இடத்தில் இறக்க வேண்டியிருக்கும். அப்போது அவருக்குக் கண் நான்தான். வயர்லெஸ்ஸை வாயருகில் வைத்துக்கொண்டு, “இறக்கு, இறக்கு, இறக்கு, மெதுவா, மெதுவா, இன்னும் கொஞ்சம்” என்று இடைவெளி விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் நான் அவரை மச்சான், வாங்க, போங்க என்பேன். வயர்லெஸ்ஸில் மட்டும் மரியாதை கிடையாது. அதற்கெல்லாம் நேரம் இல்லை.

இடைவெளி விடாமல் பேசுவதற்குக் காரணம் உண்டு. சிக்னல்காரன் குரல் நின்றால் கிரேன்காரர் அந்த நொடியே லீவரிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். இதுதான் எங்கள் தொழிலின் முதல் சட்டம். கையை எடுத்தால் லீவர் தானாக நடுவுக்கு வந்துவிடும், பிரேக் பிடித்துக்கொள்ளும், சுமை இருந்த இடத்திலேயே தொங்கும். அவர் பார்க்காத இடத்தில் யார் தலை இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? என் மனைவி, “எங்க வீட்டுக்காரருக்கு வாய் மூடாம இருக்கத்தான் சம்பளம்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை.

இன்னொரு பழக்கமும் எங்களுக்கு உண்டு. காலையில் முதல் சுமையைத் தூக்குவதற்கு முன், “தரை தொடுற வரைக்கும் நான் இங்கதான்” என்பேன். அவர் “சரி” என்பார். எந்தச் சட்டத்திலும் இது எழுதியில்லை. எப்போதோ ஒரு நாள் சொன்னேன், ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் சொல்ல மறந்துவிட்டு “தூக்கு, தூக்கு” என்று ஆரம்பித்தேன், கொக்கி அசையவே இல்லை. “சொல்லல” என்று மேலிருந்து குரல் வந்தது. பிடிவாதக்காரர்.

மச்சானுக்கு பக்தி அதிகம். தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு தங்கையை அவர்தான் வளர்த்தார். எனக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று எங்கள் வீட்டு மாடி அறையிலேயே இருந்துவிட்டார். காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்க் கூண்டுக்கு ஏறி, வேலை தொடங்கும் வரை ஜெபம் பண்ணுவார். முதல் தடவை வயர்லெஸ்ஸில் பேசும்போது குரல் கரகரவென்று இருக்கும். அழுதிருக்கிறார் என்று தெரியும். “என்ன மச்சான்?” என்றால், “தூசி” என்பார். அவ்வளவு உயரத்தில் என்ன தூசி? ஒரு நாள் அவராகவே சொன்னார்: “குளிர்ல வெயில் பக்கமா உட்கார்ந்தா முதுகுல ஒரு இதம் வரும் பாருங்க, அந்த மாதிரி இருக்கும் மாப்பிள்ள. ஆண்டவர் பக்கத்துல இருக்கார்னு கேக்காமலே தெரியும்.” எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் வந்ததில்லை. கோயிலில் உட்கார்ந்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும். ஆகவே கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த இதம் ஒரு நாள் நின்றுபோனது. சண்டை இல்லை, சாவு இல்லை, எந்தக் காரணமும் இல்லை. முந்தின நாள் இருந்தது, மறுநாள் இல்லை. கூண்டில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினால் கண்ணாடியோடு பேசுவது போலிருக்கிறது என்றார். முதலில் தான் ஏதோ பாவம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். கேன்டீன்காரரிடம் போய், சாப்பாடு நன்றாயில்லை என்று முகம் சுளித்ததற்கு மன்னிப்பு. எலக்ட்ரீஷியனிடம், எப்போதோ வாங்கின ஸ்குரூடிரைவரைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பு. எலக்ட்ரீஷியன் அது தன்னுடையதே இல்லை என்றார். என்னிடம் வந்து, கல்யாணத்துக்கு முன் என்னைப் பற்றித் தங்கையிடம் ஏதோ குறை சொன்னாராம், அதற்கு மன்னிப்பு. “என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன். “வாயாடின்னு.” நான் மன்னிக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு?

எல்லாம் செய்து பார்த்தும் இதம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் செய்ததைக் கிரேன்காரரைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். கையை எடுத்துவிட்டார். குரல் நின்றால் கையை எடுக்க வேண்டும் என்று இத்தனை காலம் பழகின கை அல்லவா? திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போவதை நிறுத்தினார். முன் வரிசையிலிருந்து கடைசி பெஞ்சுக்கு வந்தார். சபை முழுவதும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, நம்புகிறேன் என்று ஊரே ஒரு குரலாகச் சொல்லும்போது, உதட்டை இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார். கேட்டதற்கு, “அங்கிருந்து ஒண்ணும் வரல. வராதப்போ நான் பாட்டுக்கு நகர்த்திட்டே போனா யார் தலைலயாவது இடிக்கும்” என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் எந்த வாயால் அதைத் தப்பு என்பது, எனக்கே அந்தச் சட்டம்தானே சோறு போடுகிறது.

இந்த நிலைமையில்தான் எங்களுக்குக் குழந்தை பிறந்தது. பெண். அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிட்டாள். என் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியவள், அவ்வளவுதான். இதயத்தில் ஓட்டை இருக்கிறது, கொஞ்சம் எடை ஏறட்டும், பிறகு ஆபரேஷன் செய்யலாம், செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை என் மனைவி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். இறங்கின நெஞ்சு ஏறக் கொஞ்சம் தாமதித்தால் நான் நர்ஸைத் தேடி ஓடுவேன். வேலைக்கு லீவு போடவும் முடியாது. எனக்குப் பதிலாக வேறு ஆள் பேசினால் உச்சாணி மேலே ஏற மாட்டார் என்று மேஸ்திரி கையைப் பிசைவார்.

ஆபரேஷனுக்கு முன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்றாள் என் மனைவி. ஞானத்தகப்பனாக அண்ணன் நிற்க வேண்டும். அவள் யோசித்துக்கூடச் சொல்லவில்லை; தன்னை வளர்த்தவர் தன் பெண்ணுக்கும் நிற்பார் என்பது அவளுக்கு விடிந்தால் பகல் என்பது போல. மச்சான் முகம் வெளுத்துப்போனது.

“என்னை விட்டுரும்மா” என்றார்.

“ஏன்?”

“ஞானத்தகப்பன் நின்னா நம்புறேன்னு சொல்லணும். பிள்ளைக்காகச் சொல்லணும். எனக்கு உள்ள ஒண்ணுமே இல்ல. வாயால பொய்யச் சொல்லி, அதுக்கு மேல அவ தலையில தண்ணி விட்டு, நாளைக்கு ஆபரேஷன்ல ஏதாவது ஆயிடுச்சுன்னா? என் பொய்தான் அவளக் கொன்னுச்சுன்னு ஆயிடும்.”

நான் ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் கத்தினேன். சாவுப் பேச்சை ஏன் வாயில் எடுக்கிறீர்கள் என்று கத்தினேன். வேறு ஆளே இல்லையா, நீங்கள் இல்லாவிட்டால் என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடக்காமல் போய்விடுமா என்றேன். பாவம், என்னைவிட அவருக்குத்தான் அந்தப் பிள்ளை மேல் பைத்தியம். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போகும்போது மூச்சுக்கூட மெதுவாக விடுவார்.

எங்கள் போதகர் வந்தார். புதிதாக வந்தவர், மச்சானுக்குத் தம்பி வயது. எப்போது பார்த்தாலும் ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே தனக்குத் தெரிந்த மட்டும் சொன்னார். “அண்ணே, பிரமாணத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அதுல எதைச் சொல்றோம்? பிறந்தார், பாடுபட்டார், மரிச்சார், எழுந்தார். எல்லாம் அவர் செஞ்சது. நீங்க தூங்கினாலும் நடந்தது நடந்ததுதான். உங்க மனசு எப்படி இருக்குன்னு அதுல ஒரு வரி இருக்கா? ஞானஸ்நானத்துலயும் குழந்தையை ஏத்துக்கிறது நீங்க இல்ல, நான் இல்ல. அவரு. நம்ம கை சுத்தமா இருந்தாத்தான் அவர் வேலை நடக்கும்னா, எனக்கு ஒரு பிள்ளைக்குக்கூடத் தண்ணி விட யோக்கியதை கிடையாது.”

மச்சான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “நீங்க சொல்றது புரியுதுங்கய்யா. தலை வரைக்கும் வருது. இங்க இறங்க மாட்டேங்குது” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். போதகர் இன்னொரு முறை மூக்கைத் துடைத்துக்கொண்டார். வேறு யாரையாவது நிறுத்தலாம், சபையில் ஆள் இருக்கிறார்கள், ஒரு நாள் பார்த்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார். என் மனைவி அண்ணனைப் பார்க்கவே இல்லை. அவள் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் பார்த்ததில்லை, என்னிடம்கூட. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் பேச்சு இல்லாமல் போனது. வயர்லெஸ்ஸில் மட்டும்தான் நானும் அவரும் பேசினோம்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள், ஏசி இயந்திரம் ஒன்றைப் பின்பக்க மொட்டைமாடியில் இறக்கிக்கொண்டிருந்தோம். ஒரு சின்ன வேன் அளவு இருக்கும். லிஃப்ட் சுவருக்குப் பின்னால் இறங்க வேண்டியது, மேலே இருப்பவருக்குத் துளியும் தெரியாது. இரண்டு பேர் ஆளுக்கொரு கயிறு பிடித்துச் சுமை சுழலாமல் பார்த்துக்கொண்டார்கள். நான் பேசிக்கொண்டிருந்தேன். “இறக்கு, இறக்கு, இறக்கு.” சுமை தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் இருந்தபோது மேஸ்திரி படியேறி மூச்சு வாங்க ஓடி வந்தார். சுமை அசையும்போது சிக்னல்காரனிடம் யாரும் பேசக் கூடாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். அவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“ஆஸ்பத்திரிலேர்ந்து போன். பிள்ளைக்கு மூச்சு முட்டுதாம். இன்னிக்கே ஆபரேஷனாம். உடனே வரச் சொன்னாங்க.”

நான் வாயைத் திறந்தேன். இறக்கு என்ற வார்த்தை எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்கிற வார்த்தை. வரவில்லை. தொண்டையை யாரோ உள்ளிருந்து முடிச்சுப் போட்டதுபோல் இருந்தது. வயர்லெஸ் கையில் இருந்தது, விரல் பொத்தான் மேல் இருந்தது, கால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. குரல் மட்டும் இல்லை. வாழ்நாள் முழுவதும் வாயை வைத்துப் பிழைத்தவன், என் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிற நேரத்தில் ஊமையாக நின்றேன்.

சுமை நின்றது. அவர் கையை எடுத்துவிட்டார் என்று தெரிந்தது. இயந்திரம் லேசாக ஆடியது, பிறகு ஆட்டம் குறைந்தது. கயிறு பிடித்தவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். வயர்லெஸ்ஸில் மச்சான் குரல் வந்தது.

“மாப்பிள்ள?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காற்று வீசியது, சுமை மறுபடி சற்று ஆடியது. மேலே இருக்கும் அவருக்கு என்ன தெரியும்? சுவர் தெரியும், கீழே போகும் கம்பி தெரியும், அவ்வளவுதான். நான் மயங்கி விழுந்தேனா, சுமை என் மேல் இடித்ததா, எதுவும் தெரியாது. இன்னொருவராக இருந்தால் பதறிப்போய் மேஸ்திரியைக் கூப்பிட்டிருப்பார், திட்டியிருப்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அவர் குரல் வந்தது, அவசரமே இல்லாமல்.

“கையை எடுத்துட்டேன். பிரேக் பிடிச்சிருக்கு. நீங்க அங்கதான் இருக்கீங்க, தெரியும். மெதுவா வாங்க.”

முடிச்சு அவிழ்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள்ளிருந்து ஏதோ ஒரு கரகரப்பு வந்தது. “இறக்கு” என்றேன். கொக்கி இறங்கியது. இறக்கு, இறக்கு என்று அழுகையும் சளியுமாகச் சொல்லி அந்த இயந்திரத்தை மாடித் தரையில் வைத்து, “தரை தொட்டாச்சு, கொக்கியைக் கழட்டலாம்” என்றேன். எந்த வேகத்தில் அவர் கிரேன் ஏணியில் இறங்கினாரோ, நான் தரைக்கு வந்தபோது மச்சான் ஹெல்மெட்டோடு எனக்கு முன்னால் நின்றார்.

மேஸ்திரி அவருக்கும் விஷயத்தைச் சொல்லி, தன் வண்டியிலேயே எங்களை ஏற்றிக்கொண்டார். எல்லா சிக்னலும் சிவப்பாகவே விழுந்தது. பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், என்ன செய்ய? யார் மேலாவது பாய வேண்டும்போல் இருந்தது, பக்கத்தில் மச்சான் இருந்தார்.

“நான்தான் ஊமையாயிட்டேனே. இறங்கிப் போயிருக்க வேண்டியதுதான நீங்க” என்றேன்.

“லோடு தொங்கும்போது எவனாவது கூண்டை விட்டு இறங்குவானா?” அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை.

“நான் கீழ இருக்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? என் குரல் வரலையே.”

“காலைல சொன்னீங்களே. தரை தொடுற வரைக்கும் இங்கதான்னு.”

“நான் சொன்னா அது போதும் உங்களுக்கு. நான் கோபக்காரன், வாயாடி, கோயில்ல கொட்டாவி விடுறவன். நான் காலைல ஒரு தடவை சொன்னதை நாள் பூராவும் நம்புறீங்க. ஆண்டவர் மட்டும் மச்சான், சொன்னதையெல்லாம் சொல்லி, செஞ்சதையெல்லாம் செஞ்சு, செத்து, எழுந்தும் வந்தாச்சு. அவர் மட்டும் தினம் வந்து உங்க முதுகைத் தடவிக் குடுக்கணும். இல்லன்னா நீங்க கூண்டை விட்டு இறங்கிருவீங்க.”

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் இவ்வளவு சரியாக வந்திருக்காது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மடியில் இருந்த ஹெல்மெட்டைக் கை சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தது. எனக்கு அவரைப் பற்றிய நினைவும் போய்விட்டது. அந்தச் சின்ன நெஞ்சு ஏறுகிறதா என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

ஆஸ்பத்திரியில் என் மனைவி ஏற்கெனவே போதகரை வரவழைத்திருந்தாள். கை கழுவச் சொன்னார்கள், வாய்க்கு முகமூடி கொடுத்தார்கள். ஜலதோஷக்காரரான போதகரை மட்டும் நர்ஸ் இரண்டு முகமூடி போடச் சொன்னாள். கண்ணாடிப் பெட்டியில் குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. “சீக்கிரம் முடிச்சுக்குங்க, தியேட்டர்ல கூப்பிட்டாச்சு” என்றாள் நர்ஸ். கோபமாகச் சொல்லவில்லை. அவள் கண்ணும் குழந்தையின் மேலேயே இருந்தது.

போதகர் ஜெபம் செய்தார். பிறகு எங்களைப் பார்த்து, எல்லோரும் சேர்ந்து பிரமாணத்தைச் சொல்வோம் என்று ஆரம்பித்தார். நான் கூடச் சொல்லத் தொடங்கினேன், முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. என் மனைவி வாய் திறக்கவே இல்லை. இரண்டு முகமூடிக்குள் போதகரின் மூக்கடைத்த குரல் மட்டும் தனியாக, யாரும் இல்லாத வீட்டில் கடிகாரம் ஓடுவது போலப் போய்க்கொண்டிருந்தது. அவரும் நிறுத்திவிட்டார்.

மச்சான் எங்களுக்குப் பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். என் மனைவி அவர் பக்கம் திரும்பினாள். அவள் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“அண்ணா” என்றாள். “எனக்கும் ஒண்ணும் தோணல. உனக்கு மட்டும்தான் அப்படின்னு நினைச்சுக்கிட்டு இருக்கியா? இவ பிறந்ததுலேர்ந்து எனக்கு ஜெபமே வரல. பயம் மட்டும்தான் இருக்கு. இவருக்கும் அப்படித்தான், கேட்டுப் பாரு. உள்ள ஏதாவது இருந்தாத்தான் சொல்லணும்னா, இவளுக்காகச் சொல்றதுக்கு இந்த ரூம்ல ஒரு ஆள் கிடையாது. நீ சொல்லு. உன் பின்னாடியே நான் சொல்லிட்டு வரேன்.”

மச்சான் இரண்டு எட்டு முன்னால் வந்து பெட்டியின் பக்கத்தில் நின்றார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். உருக்கம் இல்லை, ராகம் இல்லை. நான் கீழே நின்று பேசுவேனே, இறக்கு இறக்கு என்று, அதே தட்டையான குரல். படைத்தவரை நம்புகிறேன் என்றார். அவருடைய குமாரனை நம்புகிறேன் என்றார். பிறந்தார், பாடுபட்டார், மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், எழுந்தார் என்று ஒவ்வொன்றாக, இடைவெளியே விடாமல் சொல்லிக்கொண்டு போனார். என் மனைவி அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அடி அடியாகக் கூடவே போனாள். நானும் போனேன். பாவமன்னிப்பு என்று வந்த இடத்தில் அவர் குரல் ஆடியது, ஆனால் நிற்கவில்லை. அந்தக் குரல் நின்றால் எங்கள் இரண்டு பேர் குரலும் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உயிர்த்தெழுதல் வரை, நித்திய ஜீவன் வரை ஒரே மூச்சாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, ஆமென் என்றார்.

போதகர் பெட்டியின் வட்டக் கதவு வழியாகக் கையை விட்டு, குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் மூன்று தடவை தண்ணீரைச் சொட்டினார். அவள் முகத்தைச் சுளித்தாள். அவ்வளவுதான், பெட்டியை நகர்த்தத் தொடங்கிவிட்டார்கள்.

மச்சான் போதகரிடம் மெதுவாக, “ஐயா, இப்பவும் எனக்கு ஒண்ணும் தோணல” என்றார். ஏதோ திருடிவிட்டவர் போலச் சொன்னார்.

“தோணுதான்னு நான் கேக்கவே இல்லையேண்ணே” என்றார் போதகர்.

ஆபரேஷன் அறைக் கதவு வரை பெட்டியோடு நடந்தோம். என் மனைவியால் நடக்க முடியவில்லை, நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். கதவுக்கு முன்னால் நர்ஸ் ஒரு நிமிடம் நிறுத்தினாள். மச்சான் குனிந்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், அந்தப் பொடிசிடம், “தரை தொடுற வரைக்கும் நான் இங்கதான்” என்றார். கதவு மூடிக்கொண்டது.

காத்திருந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. என் மனைவி உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைத் திரும்பத் திரும்பப் படித்தேன், ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. உள்ளே போகிறவர்கள் முகத்தையும் வெளியே வருகிறவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் மட்டும் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார். நர்ஸ் உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. காவலாளி தள்ளி நிற்கச் சொன்னார், ஒரு அடி தள்ளி நின்றார். நாற்காலி மேல் நின்றாலே தலை சுற்றுகிற மனிதர். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது.

ஜன்னலில் வெயில் சாய்ந்த பிறகு டாக்டர் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டே, ஓட்டையை அடைத்தாகிவிட்டது, இதயம் தாங்கியது, இனி சில நாள் கவனமாகப் பார்க்க வேண்டும், ஆனால் பயந்தது நடக்கவில்லை என்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். டாக்டர் போய் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தேன். மச்சான் அதே இடத்தில், சுவரைப் பிடித்தபடி, கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் சொன்னது காதில் விழாமல் இருக்க முடியாது. ஆனாலும் நகரவில்லை.

நான் பக்கத்தில் போனேன். வயர்லெஸ்ஸில் சொல்கிற மாதிரியே சொன்னேன். “தரை தொட்டாச்சு. கொக்கியைக் கழட்டலாம்.”

“சரி” என்றார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை.

இப்போது என் பெண் நாற்காலி மேல் ஏறி நிற்கிறாள். மச்சான் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை அவளை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்கிறார், பிரமாணம் வந்தால் சபையில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்கிறார். எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. போன மாதம் பல்பு மாட்டும்போது கேட்டே விட்டேன், அந்தப் பழைய இதம் திரும்ப வந்ததா என்று.

“இல்ல” என்றார்.

“அன்னிக்குக் கதவுகிட்ட நின்னீங்களே, அப்பவுமா ஒண்ணும் தோணல?”

“தோணுச்சு” என்றார். “பயம் தோணுச்சு மாப்பிள்ள. அதோடயே நின்னேன்.”